சுற்றிப் பார்க்கப் போன பதினான்கு பேர்

கோலாலம்பூர்
17.6.2001

அன்பு ஜெசிந்தாவுக்கு,

செவ்வாய்க்கிழமை விடியற்காலை வந்து இறங்கினோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை வேண்டா அத்தைக்கும் படித்துக் காட்டு. அத்தை காத்துக்கொண்டிருப்பார்கள்.

இறங்கிய அன்றைக்கே எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். பதினான்கு பேருக்கும் சிவப்புத் தொப்பி. ராஜா அரண்மனை வாசல், வெண்கலத்தில் வார்த்த சிப்பாய் சிலைகள், பறவைப் பூங்கா, ஆற்றோரம் ஒரு மசூதி, எண்பத்தெட்டு மாடியில் இரட்டைக் கோபுரம், கடைசியில் பத்துமலை முருகன் கோயில். ஒரே நாளில் ஆறு இடம். கால் வீங்கி மூன்று நாள் செருப்பு போட முடியவில்லை. இவ்வளவு பெரிய ஊரை ஜெபாவுக்குக் காட்ட வேண்டும். குழந்தைக்கு நான் முத்தம் கொடுத்ததாகச் சொல்.

எனக்குக் கட்டட வேலை, பெயின்டிங். கருப்பன் மாமாவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. ரப்பர் எஸ்டேட், ரொம்ப உள்ளே. அங்கே தபாலும் போனும் கிடையாதாம். நன்றாக இருக்கிறார். கவலைப்பட வேண்டாமென்று அத்தையிடம் சொல்லச் சொன்னார்.

பதில் போடும்போது கவர் மேல் என் பெயரை எழுதாதே. கீழே கொடுத்திருக்கும் மளிகைக்கடை முகவரிக்குப் போடு. யார் கேட்டாலும் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லாதே. எல்லாம் ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.

இரண்டு படம் வைத்திருக்கிறேன்.

ஆல்வின்


புதுப்பட்டினம்
2.7.2001

ஜெபா அப்பாவுக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் சைக்கிளைப் பார்த்ததும் வேண்டா அத்தை தன் வீட்டு வாசலில் துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். நானும் படித்தேன். மூன்றாவது தடவை முடிந்ததும், "ரப்பர் தோட்டத்துல கொத்தனாருக்கு இன்னாடி வேல கீது?" என்று கேட்டார்கள். "குவார்ட்டர்ஸ் கட்டுவாங்க போல அத்தை," என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

கோபுரத்துக்கு முன்னால் எடுத்த படத்தை அத்தையிடம் கொடுத்தேன். மாமா பின்வரிசையில் நிற்கிறார். முகம் தெரியாத அளவுக்குத் தொப்பி இறங்கியிருக்கிறது. அத்தை அதை எடுத்துப்போய் அரிசி டப்பா மேல் வைத்திருக்கிறார்கள்.

கோயில் படிக்கட்டில் எடுத்த படத்தை நான் கொடுக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று பேர்தான் இருக்கிறீர்கள். உங்கள் இடது தோளில் உங்கள் பை. வலது தோளில் மாமாவின் மஞ்சள் பை. அத்தை பச்சை நூலில் தைத்த காது படத்திலேயே தெரிகிறது. அந்தப் பையில்தானே அவருடைய பிரஷர் மாத்திரை இருந்தது? மீனம்பாக்கத்தில் அத்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்களே, "காலைல ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு, மறந்துடுவாரு, நீதான் பாத்துக்கணும்" என்று. நீங்களும் சரி என்றீர்கள். வரமாட்டேன் என்றவரை வாங்க மாமா வாங்க மாமா என்று இழுத்துக்கொண்டு போனதும் நீங்கள்தான்.

படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். பயந்தால் உங்கள் கீழ் உதடு உள்ளே போய்விடும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன்.

இனிமேல் இரண்டு தாளாக எழுதுங்கள். ஒன்று அத்தைக்குப் படிக்க. இன்னொன்று எனக்கு. என்னிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

ஜெசிந்தா


20.7.2001

ஜெசி,

முதல் தாளை அத்தைக்குப் படி. இது உனக்கு மட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அந்தப் படத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு எடுத்தது வேலை விசா இல்லை, டூரிஸ்ட் விசா. செங்கல்பட்டு ஏஜெண்டு அதை ஏர்போர்ட் உள்ளே போன பிறகுதான் சொன்னார். அங்கிருந்து திரும்பி வர எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கே அவருடைய ஆள் திருநாவுக்கரசு என்பவர் வேனோடு நின்றார், அரசு என்று கூப்பிடுகிறார்கள். அவரும் நம் பக்கத்து ஆள்தான். வேனில் ஏறியதும் பாஸ்போர்ட்டை எல்லாம் வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு தொப்பியும், கழுத்தில் மாட்ட ஒரு கேமராவும், கேன்வாஸ் ஷூவும் கொடுத்தார். கேமராவில் பிலிம் கிடையாது. அவர் வைத்திருந்ததில் மட்டும்தான் பிலிம்.

"இன்னிக்கி பூரா நீங்க டூரிஸ்ட்டு. சுத்திப் பாக்கறீங்க, போட்டோ புடிக்கறீங்க. நாளிக்கி எவனாவது கேட்டா காட்டறதுக்கு என் கைல படம் இருக்கணும். சாய்ந்தரமா வேலைக்கிப் பிரிச்சி அனுப்பிடுவேன்," என்றார். என்னைப் பார்த்து, "நீ மாமல்லபுரத்தாண்டதான? வெள்ளக்காரன் கல்லப் பாக்கறத பாத்துகீறல்ல? அப்டியே அண்ணாந்து பாத்துகினு நட. அவசரப்படாத. ஒருத்தன் மூஞ்சில பயம் தெரிஞ்சாலும் பதினாலு பேரும் உள்ள," என்றார்.

அன்றைக்கு முழுக்க நான் அண்ணாந்துதான் பார்த்தேன், ஜெசி. கோபுரத்தைப் பார்த்தேன், ஆனால் மனதில் எதுவும் நிற்கவில்லை. அரண்மனை வாசலில் குதிரை மேல் காவல்காரன் இருந்தான், அவன் இடுப்பில் இருந்ததைத்தான் பார்த்தேன். பறவைப் பூங்காவில் எத்தனை வழி வெளியே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு பன், மத்தியானம் ஒரு பன். வெயில் நம்மூர் வெயில் இல்லை, ஈரத் துணியைப் போர்த்தியது போல் ஒட்டிக்கொள்ளும் வெயில். மாமாவுக்கு ஷூ சின்னது. மசூதிக்குப் போவதற்குள் குதிகால் தோல் உரிந்து சாக்ஸில் ரத்தம். நொண்டினால் சந்தேகம் வரும் என்று நொண்டாமல் நடந்தார்.

மசூதிக்கு எதிரில் இரண்டு போலீஸ்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். பாஸ்போர்ட் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது கேமராவை. எங்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லி அவரே படம் எடுத்தார். பிலிம் இல்லாத கேமரா 'டிக்' என்றது. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாமா என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை சில்லென்று இருந்தது. "ஆல்வினு, நாம இன்னாடா தப்பு பண்ணோம்?" என்று காதோடு கேட்டார். அப்போதுதான் அவருடைய பையை நான் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

பத்துமலைக்குப் போகும்போது மணி ஐந்து இருக்கும். இருநூற்று எழுபத்திரண்டு படி. எல்லோரும் ஏறித்தான் ஆகவேண்டும் என்றார் அரசு. பாதிக்கு மேல் மாமா உட்கார்ந்துவிட்டார். வேர்வை கொட்டுகிறது, ஒரு பக்கம் வாய் சரியாக மூடவில்லை. "பையக் குடுடா, மாத்திர போட்டுக்கறேன்," என்றார். பேச்சு குழறியது. "வெறும் வாய்ல எப்டிப் போடுவ மாமா, குந்திரு, தண்ணி வாங்கியாந்து தரேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். தண்ணீர் வாங்கத்தான் இறங்கினேன். இதை நீ நம்ப வேண்டும்.

அதற்குள் மற்றவர்கள் ஏறி இறங்கியிருந்தார்கள், கீழே இரண்டு வேன் வந்து நின்றிருந்தது. அரசு என் தோளைப் பிடித்தார். "அவரு நடக்க மாட்டாரு. கூட்டம் கூடிச்சின்னா போலீஸ் வரும். நீ மேல போனா நீயும் அவரும் மட்டும்தான். நான் கெளம்பிகினே இருப்பேன்," என்றார். பிறகு, "கோயில் ஆளுங்க பாத்துப்பாங்க, நம்ம ஜனந்தான்," என்றார். எல்லோரையும் கீழ்ப்படியில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். நீ வைத்திருக்கிறாயே, அது அந்தப் படம்தான். நான் வேனில் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மாமா படியில் உட்கார்ந்து கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கினார். நிதானமாக வா என்று சொல்வது போல.

பை என் மடியில் இருந்தது.

இதை எழுத மூன்று நாளாயிற்று. எங்கள் தகரக் கொட்டகைப் பக்கம் ஏதாவது வண்டி நின்றால் எல்லோரும் பின்பக்கச் செடிக்குள் ஓடுகிறோம். நான் முதல் ஆளாக ஓடுகிறேன்.

ஆல்வின்


புதுப்பட்டினம்
4.8.2001

ஜெபா அப்பாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் தாளை அத்தைக்குப் படித்தேன். மாமா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நிறுத்தி, இருமல் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் செங்கல்பட்டு போனேன். ஏஜெண்டு ஆபீஸ் ஷட்டர் இறக்கியிருக்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "காலி பண்ணிகினு போயி மாசம் ஒண்ணாச்சி. நீ எத்தினியாவது ஆளோ, தினம் எவனாவது வந்து கேக்கறான்," என்றார். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே போனால் உங்கள் பெயரையும் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்யும் பிரபாவதி அம்மாவிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் மாமா விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர்கள் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து அந்த ஊர் இந்தியத் தூதரகத்துக்கு பேக்ஸ் அனுப்பினார். பாஸ்போர்ட் நம்பர் கேட்டு பதில் வந்தது. அது யாரிடம் இருக்கிறது?

நீங்கள் போய்த் தேட வேண்டும். இல்லையென்றால் நான் அத்தைக்கு இரண்டாவது தாளைப் படித்துவிடுவேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஜெபாவைத் தூங்கவைத்துவிட்டு வந்தேன். போகாதீர்கள். உங்களைப் பிடித்துவிட்டால் நானும் ஜெபாவும் என்ன செய்வோம். ஜெபா தினம் ராத்திரி ஜெபத்தில் அப்பா பெயரோடு கருப்பன் தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்கிறாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், நீங்கள் போன அன்றைக்கு. இப்போது நிறுத்தச் சொல்ல முடியவில்லை.

போய்ப் பாருங்கள். ஜாக்கிரதையாகப் போய்ப் பாருங்கள்.

ஜெசிந்தா


27.8.2001

ஜெசி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸில் இரண்டு இடத்தில் யூனிபார்ம்காரர்கள் ஏறினார்கள். ஒருவர் செக்யூரிட்டி, இன்னொருவர் யாரென்று தெரியவில்லை. இரண்டாவது தடவை அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். மீதி தூரம் நடந்தே போனேன்.

படிக்கட்டுக்குக் கீழே பூ விற்கிற ஞானம்பாள் என்ற அம்மாவிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஜூன் மாசம் ஒருவர் படியில் விழுந்தாரா என்று கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "சிவப்புத் தொப்பிக்காரரா? இருட்டுற வரைக்கும் உக்காந்தே இருந்தாருலா. எறங்க மாட்டேன்னுட்டாரு. ஆள் வரும், தண்ணி எடுத்தாருவான்னு கையாலயே காட்டிக்கிட்டிருந்தாரு. அப்புறம் சாஞ்சிட்டாரு. நாந்தான் ஆம்புலன்ஸ்ல கூடப் போனேன்," என்றார்கள்.

உயிரோடு இருக்கிறார், ஜெசி. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு இல்லை. கட்டில் தலைமாட்டில் பெயர் தெரியாத இந்தியர் என்று எழுதியிருக்கிறதாம். அந்த அம்மா எப்போதாவது போய்ப் பார்க்கிறார்கள். "நீ யாரு, சொந்தமா?" என்று கேட்டார்கள். இல்லை, ஊர்க்காரன் என்றேன்.

அவர் பெயரும் ஊரும் ஒரு சீட்டில் எழுதி அவர்கள் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடப் போனேன். உள்ளே போய்விட்டு வந்தார்கள். "சீட்ட வச்சிக்கிட்டு என்ன செய்யறது, பேர யாரு வேணா எழுதலாம், தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வாங்க, போலீஸ் முன்னால சொல்லணும்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசக் கடைசில எங்கயோ ஆதரவில்லாதவங்க இல்லத்துக்கு மாத்தறாங்களாம். அங்க போயிட்டா யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாதுலா," என்றார்கள்.

நான் வாசலில் நின்றேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது. ஆள் கிட்டப் போனால் திறக்கும். நான் கிட்டப் போனேன், திறந்தது. பின்னால் வந்துவிட்டேன்.

என்ன செய்ய, சொல்.

ஆல்வின்


புதுப்பட்டினம்
10.9.2001

ஜெபா அப்பாவுக்கு,

இந்தத் தடவை இரண்டு தாள் இல்லை. நான் அத்தைக்கு எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஜூலைக் கடிதம், ஆகஸ்ட் கடிதம், இரண்டையும். மாமா உயிரோடு இருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

அத்தை அழவில்லை. கத்துவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று பயந்து ஜெபாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுத்தான் கூப்பிட்டேன். சுவரில் சாய்ந்து கேட்டார்கள். "அந்தப் படியாண்ட எழுதிகீறான் பாரு, அத்த இன்னொருவாட்டி படி," என்றார்கள். படித்தேன். "எவ்ளோ நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றேன். எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் சோறு எடுத்துப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்களே ஒரு பேனாவோடு வந்து நின்றார்கள். தான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், ஒரு எழுத்து மாற்றக்கூடாது என்றார்கள். எழுதுகிறேன்:

"ஆல்வினு, நீ உள்ள போ. போயி அவரு பேரச் சொல்லு, அப்பன் பேரு சின்னதம்பின்னு சொல்லு, ஊரச் சொல்லு. நீ பயந்தவன், எனக்குத் தெரியும். பயந்துகினே போ. உன்ன ஜெயில்ல போட்டாங்கன்னா உன் பொண்டாட்டியையும் புள்ளையையும் நான் பாத்துக்கறேன். என் வூட்ல கஞ்சி இருந்தா அதுங்களுக்கும் கஞ்சி. உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. அது வேற. நீ மொதல்ல உள்ள போ."

அவ்வளவுதான் சொன்னார்கள். கீழே கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்டில் போ என்றும் போகாதே என்றும் எழுதினேன். இப்போது போங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஜெசிந்தா


14.10.2001

ஜெசி,

விசா இல்லாதவர்களைப் பிடித்து அடைத்து வைக்கிற முகாமில் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை இங்கே வாராவாரம் ஜெபம் சொல்ல வருகிற ஒரு பிரதர் வெளியே எடுத்துப்போய்த் தபாலில் போடுவார். பதிலை அவர் முகவரிக்கே போடு.

செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி உள்ளே போனேன். ஞானம்பாள் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள், நான் ஓடிவிடுவேன் என்று பயந்தார்களோ என்னவோ. மேஜையில் இருந்த பெண்ணிடம் அவர்களே பேசினார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம். அந்த நேரம் முழுக்கக் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எழுந்து போயிருக்கலாம்.

போலீஸ்காரர் வந்த பிறகு வார்டுக்குக் கூட்டிப்போனார்கள். மாமா பாதியாகிவிட்டார். மொட்டை அடித்திருந்தார்கள். நான் அடையாளம் கண்டுபிடிக்கும் முன்னாலேயே அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். வாயிலிருந்து சத்தம் வந்தது, பேச்சு இல்லை. கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கிட்டப் போனதும் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நர்ஸ் பிரிக்க வந்தார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

பெயர் கருப்பன் என்றேன். அப்பா பெயர் சின்னதம்பி. வயது ஐம்பத்திரண்டு. காஞ்சிபுரம் மாவட்டம், புதுப்பட்டினம். மனைவி பெயர் வேண்டா. போலீஸ்காரர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஒன்றாக வந்தோம், நான்தான் விட்டுவிட்டுப் போனேன் என்றேன். உன் பாஸ்போர்ட் எங்கே என்றார். இல்லை என்றேன். என்னைக் கூட்டிப்போகும்போது ஒரு நர்ஸ் தலைமாட்டிலிருந்த அட்டையை எடுத்துவிட்டு வேறு எழுதிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். முறை வைத்துத்தான் கால் நீட்டிப் படுக்கிறோம். கேஸ் முடிய எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டுப் போகிறவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள். பெயர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் ஓட வேண்டியதில்லை. ஓட இடமும் இல்லை.

எனக்கு இப்போது ஊருக்கு வரத்தான் அதிகப் பயமாக இருக்கிறது.

ஆல்வின்


புதுப்பட்டினம்
19.11.2001

ஜெபா அப்பாவுக்கு,

மாமா வந்துவிட்டார். போன வியாழக்கிழமை, தூதரகத்தில் ஏற்பாடு செய்து அனுப்பினார்கள். நானும் அத்தையும் மீனம்பாக்கம் போயிருந்தோம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தை முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்கள்.

இப்போது இரண்டொரு வார்த்தை வருகிறது. தண்ணி, வெளிய, வேணா. உங்களைப் பற்றி அத்தை ஒரு தடவை கேட்டார்கள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. "ஆல்வினு வந்தான்னா வூட்டுக்குள்ள வுடலாமா?" மாமா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை மறுபடி கேட்கவில்லை. ஆம் என்றும் வைத்துக்கொள்ள முடியாது, இல்லை என்றும் வைத்துக்கொள்ள முடியாது.

சொன்னதை அத்தை காப்பாற்றுகிறார்கள். நான் பிரபாவதி அம்மா வீட்டு வேலை முடிந்து வர நேரமானால் ஜெபாவை ஸ்கூலிலிருந்து அவர்கள்தான் கூட்டிவந்து சோறு போடுகிறார்கள். என்னிடம் மட்டும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஒரு மாதம் மறைத்தேன் அல்லவா. அதை நான்தான் சுமக்க வேண்டும்.

ஊருக்கு வரப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மாமாவை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள், போகிற வருகிற எல்லோரையும் பார்க்கிறார். ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இருட்டின பிறகு வரலாம் என்றும் நினைக்காதீர்கள். விடும் தேதி தெரிந்ததும் எழுதுங்கள். நான் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன். அவர்கள் வாசல் வழியாகச் சேர்ந்தே நடந்து வரலாம்.

ஜெசிந்தா